பாடு முடிந்த கைக்கு ஊசி

கல்லூரியில் சேர்ந்து விக்டோரியாவுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதில் பதினோரு நாள் அவள் வகுப்பில் இருந்தாள். வருகைப் பதிவேட்டில் இல்லை.

காரணம் அவளுடைய குரல். ஆசிரியர் பெயரைக் கூப்பிடுவார். அவள் "எஸ் சார்" என்பாள். அந்தச் சொல் முன்பெஞ்சைத் தாண்டுவதற்குள் அவர் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.

அது 1973ஆம் ஆண்டு. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், பொன்னேரிக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் நாட்டு நலப்பணி முகாமுக்குப் போனார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். மாணவிகள் இருவரும் கங்கம்மாள் என்பவரின் வீட்டில் தங்கினார்கள். புகுமுக வகுப்பு, அதாவது கல்லூரியின் முதல் வகுப்பு, படிக்கிறவள் அந்தப் பத்துப் பேரில் விக்டோரியா மட்டும்தான்.

முகாமின் தலைவன் ஜெயராஜ், கடைசி வருட மாணவன். அவன் கையில் எப்போதும் ஒரு தகரக் குழாய் இருக்கும். அதை வாயில் வைத்துப் பேசினால் ஏரியில் நிற்கும் நாரைகள் எழுந்து பறக்கும்.

"உனக்கு இன்னா வேலை தெரியும்?" என்று விக்டோரியாவைக் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள், "சரி, பேரு எழுது" என்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் வீடு வீடாகப் போய் எழுதினாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

திங்கட்கிழமை காலை ஒரு ஜீப் வந்தது. நர்ஸ் சாராள் ஐஸ் பெட்டியோடு இறங்கினார். பெட்டிக்குள் காலரா ஊசி மருந்து இருந்தது. பக்கத்து ஊர்கள் இரண்டில் காலரா வந்துவிட்டது. இந்தக் குப்பத்துக்கு வருவதற்குள் எல்லோருக்கும் ஊசி போட்டுவிட வேண்டும்.

"அன்பான பொதுமக்களே! பள்ளிக்கூடத்துல காலரா ஊசி! காசு கிடையாது!" என்று ஜெயராஜ் தெருத் தெருவாக முழங்கினான்.

மாலை மூன்று மணி வரை பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆடு வந்தது. அதைத் தேடிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். இரண்டு பேரும் உடனே திரும்பிப் போய்விட்டார்கள்.

"நாலு மணிக்கு ஜீப் கிளம்பிடும்," என்றார் சாராள். "பெட்டியில இருக்கிற ஐஸ் இன்னிக்கு மட்டும்தான் தாங்கும். மழை வந்துட்டா இந்தப் பாதையில வண்டியே வராது. அப்புறம் இவங்க கதி?"

"ஊசின்னா பயம் இவங்களுக்கு. ஒரே பேஜாரு!" என்றான் ஜெயராஜ்.

விக்டோரியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று காலையில்தான் பார்த்தாள். மீனவர் ஒருவர் தன் உள்ளங்கையில் தைத்த கெளுத்தி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தார். ஊசிக்குப் பயப்படுகிற கையா அது?

அவள் நோட்டை மூடிவிட்டுக் கரைக்குப் போனாள். கங்கம்மாள் இறால்களைப் பெரிது, சிறிது என்று பிரித்துக்கொண்டிருந்தார். விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்து, தானும் பிரிக்கத் தொடங்கினாள்.

"இன்னா பொண்ணே, ஊசி போட்டுக்கன்னு சொல்ல வந்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பிறகு இருவரும் இறாலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் படகுகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிலரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. பேசாமல் கூட இருந்தால் தானாக வரும். கங்கம்மாள் அப்படிப்பட்டவர்.

"நாங்க வேணாம்னா சொல்றோம்?" என்றார் திடீரென்று. "போன வருசம் போட்டாங்க. கை இம்மாம் பெருசா வீங்கிச்சு. ரெண்டு நாள் ஜுரம். நாளைக்கு எங்க பாடு. வீங்கின கையை வச்சிக்கினு ஆம்பளைங்க எப்படி வலை இழுப்பாங்க? நாங்க எப்படிக் கூடை தூக்குவோம்?"

"பாடுன்னா இன்னா அக்கா?"

"முகத்துவாரத்தாண்ட நல்லா மீன் வர்ற எடம் ஒண்ணுதான். குப்பத்துல நாலு கூட்டம் இருக்குது. ஒரு கூட்டத்துக்கு ஒரு நாள்னு முறை. அதுதான் பாடு. அன்னிக்குப் போவலன்னா போச்சு. அடுத்த முறை வர்ற வரைக்கும் ஓரத்துல பொடிமீன்தான்."

விக்டோரியாவின் கை நின்றது. அவளுடைய அம்மாவும் ஒருமுறை நடவு சமயத்தில் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு நாள் நாற்றைத் தொட முடியாமல் அழுதிருக்கிறார்.

"அக்கா, இன்னிக்கு யாரு பாடு?"

"தேசப்பன் கூட்டம். தோ, கரைக்கு வந்துக்கினு இருக்காங்க பாரு."

"அவங்களுக்கு மறுபடி எப்போ?"

"இனிமே வெள்ளிக்கிழமைதான்."

"அதுக்குள்ள கை வீக்கம் வத்திடும் இல்ல?"

கங்கம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வத்திடும்டீ!"

விக்டோரியா ஓடினாள். பள்ளிக்கூட வாசலில் ஐஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தார்கள். "நில்லுங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. வண்டி உறுமியது.

அவள் ஜெயராஜின் கையிலிருந்த தகரக் குழாயைப் பிடுங்கினாள்.

"ஜீப்பை நிறுத்துங்க!"

நாரைகள் பறந்தன. ஜீப் நின்றது. ஜெயராஜின் வாய் திறந்தபடியே இருந்தது.

"ஒரே நாள்ல எல்லாரும் வர முடியாது சிஸ்டர். பாடு முடிஞ்சவங்களுக்கு அன்னன்னிக்கே போடணும். இன்னிக்கு ஒரு கூட்டம், நாளைக்கு ஒரு கூட்டம். வியாழக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் போட்டுடலாம்!"

சாராள் யோசித்தார். "நான் தங்கிக்கறேம்மா. மருந்து கெட்டுப்போயிடுமே? ஐஸுக்கு எங்க போறது?"

விக்டோரியா கரையைக் கைகாட்டினாள். இறால் வாங்கும் வியாபாரி அப்பாவுவின் லாரி அங்கே நின்றது. தினமும் பொன்னேரியிலிருந்து உமி மூடிய ஐஸ் கட்டிகளோடு வரும் லாரி அது.

"தாராளமா எடுத்துக்கங்க," என்றார் அப்பாவு. "மாறிப்போய் என் எறாவுக்கு ஊசி போட்டுடாதீங்க, அவ்ளோதான்!"

அதற்குள் கங்கம்மாள் சொல்லி, தேசப்பன் ஈர வேட்டியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய கூட்டம் முழுவதும் வந்திருந்தது.

"நாங்க எப்பய்யா வேணாம்னோம்?" என்றார் ஜெயராஜைப் பார்த்து. "கூவிக்கினே இருந்தியே, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஜெயராஜ் தலையைச் சொறிந்தான். "தப்புதான் நைனா," என்றான். பிறகு ஓடிப்போய் பெஞ்சுகளை இழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை கங்கம்மாள் கூட்டம் வந்தது. புதன்கிழமை மூன்றாவது கூட்டம். வியாழக்கிழமை வானம் கறுத்து, முதல் தூறல் விழுந்தபோது கடைசிக் கூட்டமும் வரிசையில் நின்றது. விக்டோரியா பெயர் கூப்பிட, ஒவ்வொரு கையாக நீண்டது. தன் ஆட்டைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமியும் போட்டுக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கும் நேராக டிக் விழுந்தது. குப்பமே கைதட்டியது. கையில் வீக்கம் இருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

"இன்னும் ஒரு ஆளுக்கு மருந்து இருக்குது," என்றார் சாராள். "முகாம் பிள்ளைங்க எல்லாரும் காலேஜ்லயே போட்டுக்கினீங்களா?"

விக்டோரியா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். முகாமுக்கு வந்தவர்களின் பத்துப் பெயர்கள். ஒன்பது டிக்.

பத்தாவது ஆளைக் காணோம். கவிழ்த்து வைத்த ஒரு படகுக்குப் பின்னால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

அவள் தகரக் குழாயை எடுத்தாள். "ஜெயராஜ்!"

அந்தக் கால்கள் சட்டென்று மறைந்தன.

"பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும் அண்ணே! ஜெயராஜ்!"

படகுக்குப் பின்னாலிருந்து, முன்பெஞ்சைக்கூடத் தாண்டாத ஒரு குரல் வந்தது. "எஸ்..."

"சத்தமா!" என்றது குப்பம் முழுவதும்.