காற்றென்று கழித்த குரல்

ரயில் அவர்கள் இருவரை மட்டும் இறக்கிவிட்டு எல்லைப் பக்கம் போய்விட்டது. கணவாயின் நடுவே தண்டவாளம். அதை ஒட்டி ஒரு பழைய காவல் வீடு.

சௌலேயும் அவள் தம்பி தௌலத்தும் சேர்ந்து இழுத்தபோதுதான் கதவு திறந்தது.

“இந்தக் கணவாயோட எபி காத்து இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள இப்படித் தள்ளாடுறீங்க. அல்மாத்தியில உங்களுக்குக் கறி கிடைக்கிறதில்லையா?” என்றாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பீபிகுல்.

“காத்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கோம், அத்தை,” என்றான் தௌலத்.

“பிடிச்சு?”

“வெளிய தள்ளிடுவோம். அக்காவுக்கு அதுதான் வேலை.”

“நல்ல வேலை. எங்க ஊர்ல காத்தைத் தள்ளினா மிச்சம் என்ன இருக்கும்?”

அவர்கள் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தது, தண்டவாளம் பார்க்கும் ஊழியர்களுக்கான ஒரு ஹெட்செட். காதோரம் இரண்டு மைக். பேசுகிறவரின் குரல் இரண்டுக்கும் ஒன்றுபோலவே போய்ச் சேரும். காற்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மோதும். இரண்டிலும் ஒத்துப்போவது குரல். ஒத்துப்போகாதது காற்று, அதைக் கழித்துவிடு. சௌலே எழுதிய நிரலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் முதல் சோதனை நடையிலேயே மைக்கின் பஞ்சு உறைகளைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மாற்று உறை கொண்டுவரவில்லை. பீபிகுல் தொழுவத்தில் இருந்தாள். உள்ளறைச் சுவரில் தடித்த கம்பளி விரிப்பு ஒன்று தொங்கியது. பூட்ஸுக்குள் வைக்க, கிழிந்த சேணத்தை ஒட்டுப்போட என்று கம்பளி வெட்டிய வீட்டில் வளர்ந்தவள் சௌலே. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஓரத்தில் நகமளவு இரண்டு வட்டம் வெட்டி, மைக்கின் மேல் ஒட்டினாள்.

ஆட்டு வாடை. அதற்கு அடியில் ஈர மண்ணின் வாடை.

மதியம் தௌலத் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சிக்னல் கம்பத்தை நோக்கி நடந்தான். அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

“அக்கா, கேக்குதா?”

“பக்கத்துல இருக்கிற மாதிரி கேக்குது.”

“அப்ப இன்கிரிமென்ட் உனக்கு. சளி எனக்கு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஜன்னல் பழுப்பாகியது. தகரக் கூரை ஒருமுறை எழுந்து விழுந்தது. எபி வந்துவிட்டது.

“தௌலத், போதும், திரும்பிடு.”

“வந்துட்டேன். கதவைத் திற,” என்றது குரல்.

அதில் துளிக் காற்று இல்லை. திரையில் இரண்டு மைக்கின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அத்தனை சுத்தமான பதிவு அவளுக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைத்ததில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மணல்தான் உள்ளே வந்தது.

“வந்துட்டேன். கதவைத் திற.”

எதிர்காற்றில் நடப்பவனுக்கு மூச்சு வாங்கும். இந்தக் குரலில் மூச்சே இல்லை.

பீபிகுல் தொழுவத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். உள்ளறைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“இதை யார் வெட்டினது?”

“நான்தான் அத்தை. மைக்குக்கு...”

“என் வீட்டுக்காரரைச் சுத்தித் தூக்கிட்டுப் போன விரிப்பு, பொண்ணே.” அவள் குரல் உயரவில்லை. “லைன் பாக்கப் போனவர். வாசல்லயே செத்துக் கிடந்தார். கதவைத் திறன்னு கூப்பிட்டிருக்கார். காத்துன்னு நினைச்சு நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சௌலே கணினிக்கு ஓடினாள். நிரல் கழித்துப்போட்ட ஒலியைத் திறந்தாள். காற்று என்று ஒதுக்கிய குப்பை.

இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், துண்டு துண்டாக, தம்பி.

“அக்கா... தண்டவாளம் காணோம்... கேக்குதா...”

“தௌலத், நடக்காதே. அங்கேயே உக்காரு.”

“...முன்னாடி போறாரே, ரயில்வே கோட்டு போட்டவரு... கூப்பிடுறேன், நிக்க மாட்டேங்கிறாரு...”

“அவர் பின்னாடி போகாதே. நான் பேசுறது கேக்குதா? தௌலத்.”

“...வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு...”

அவள் பேச்சு அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை.

பெண்கள் இருவரும் வாசல் தூணில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். காற்று அவர்களைத் தூக்கிச் சுவரோடு அறைந்தது. மறுபடி இறங்கினார்கள். மறுபடியும் அறைந்தது. பக்கத்து நிலையத்திலிருந்து ஆட்கள் வர ரயில் ஓட வேண்டும். காற்று நிற்கும்வரை ரயில் ஓடாது. சௌலே தரையில் உட்கார்ந்து, தம்பியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதைத் தவிர அவளால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

பிறகு வெறும் காற்று.

விடியலில் அதுவும் நின்றது. பீபிகுல் கதவைத் திறந்தாள். படியில் ஹெட்செட் மட்டும் இருந்தது, யாரோ குனிந்து பதனமாக வைத்ததுபோல. சுற்றிலும் மணலில் ஒரு காலடியும் இல்லை. மைக்கின் மேல் கம்பளி வட்டங்களைக் காணவில்லை.

சௌலே உள்ளறைக்குப் போனாள். விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். எங்கும் வெட்டு இல்லை. அவள் வெட்டிய இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

பீபிகுல் கதவைத் தாழிட்டுவிட்டு ஹெட்செட்டை மேசையில் வைத்தாள். பேட்டரி தீர்ந்து, அதன் விளக்கு எப்போதோ அணைந்திருந்தது.

கணினித் திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, பிசிறில்லாமல்.

இந்த முறை பேசியது ஒருவர் அல்ல.

“வந்துட்டோம். கதவைத் திற.”