கதவைப் பிடிக்க ஓர் ஆள்

ஆள் கிடைத்த வேகமே சரியில்லை. ஊரே வேலையிலும் பள்ளியிலும் இருக்கும் மதிய நேரத்தில் அந்த வீடியோ ஆட்டத்துக்குத் துணை தேடினால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்; அவள் எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அன்று பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன்பே வட்டம் நின்றது. 'கூட்டாளி கிடைத்துவிட்டார்' என்றது திரை. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நாங்க ரெடி" என்றது ஒரு குரல்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஆட்டத்தில் அவள் பெயர் ஊசி, கணவன் வைத்தது. காலை ஷிஃப்ட் முடிந்து, மழலையர் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவந்து, சாப்பிட வைத்து, உள்ளறையில் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரம் அவளுடையது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். மறு காது பாப்பாவுக்கு. இருமினாலும் புரண்டாலும் கேட்க வேண்டும்.

பாழடைந்த சுரங்கம் ஒன்றுக்குள் சுட்டுக்கொண்டே இறங்கும் ஆட்டம் அது. இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. கணவனோடு ஆடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேலை நேரம் மாறியதிலிருந்து ஆட்டமே தேடிக் கொடுக்கும் முன்பின் தெரியாதவர்களோடு.

"நாங்கன்னா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நாங்க வலது பக்கமா வரோம். நீங்க இடது."

கூட ஆடுகிற எவனும் 'நாம' என்பான். நாம இப்படிப் போலாம், நாம மேல ஏறலாம். இந்தக் குரல் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை. நாங்க பாத்துட்டோம். நாங்க சுட்டுட்டோம். அவளைச் சேர்த்துக்கொள்ளாத நாங்க. ஆணா பெண்ணா, என்ன வயது என்று எதுவும் பிடிபடவில்லை; குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை, மூச்சு இல்லை, மூடி போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டால் கேட்கும் அந்த அடைத்த அமைதி மட்டும். ஆனால் தேர்ந்த கை. அவள் திரும்புவதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தவன் சுருண்டு கிடந்தான்.

இரவு கணவனிடம் சொன்னாள்.

"நாங்க நாங்கன்னு பேசுறானா? எலெக்‌ஷன்ல நிக்கப் போறான் போல."

"விளையாடாத. கூட யாரோ இருக்காங்க."

"தம்பி எவனாவது மடியில உட்கார்ந்திருப்பான். நீ தினமும் ஊர்ல பாதிப் பேரை அழ வைக்கிறவ. உனக்குப் பயமா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளும் வட்டம் சுற்றவே இல்லை. அதே காலி இடம். தடை செய்யலாம் என்று பார்த்தாள். தடை செய்யப் பெயரைத் தொட வேண்டும். தொடப் பெயர் இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் கணவனும் அவளும் பல வாரமாக முட்டிக்கொண்டு நின்ற பாலத்தை இவர்கள் வந்ததும் தாண்டியாகிவிட்டது. இவர்கள் என்று தானே நினைத்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் குரல் சொன்னது: "பாப்பா முழிச்சிடுச்சு."

மறு காதைத் தீட்டிக்கொண்டாள். மின்விசிறி. குழாய்ச் சொட்டு. வேறொன்றுமில்லை. பிறகுதான் கட்டில் கிறீச்சிட்டது. பிறகுதான் "அம்மா."

பாப்பா இருப்பதை அவள் சொன்னதே இல்லை.

உள்ளறையில் மகள் எழுந்து உட்கார்ந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை வந்தது.

"என்னடா கண்ணு?"

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

"அவங்க. உள்ள வரணுமாம். கதவைப் பிடிக்க ஆள் இல்லையாம்."

அன்றோடு அந்நியர்களோடு ஆடுவதை நிறுத்தினாள். பீரோவை நகர்த்திச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சுவர்தான். மதியம் மகள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த வார இறுதிக்குள் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எவனோ என்னவோ. நானே வரேன்" என்றான் கணவன். "ஆபீஸ்ல ரெஸ்ட் எடுக்கிற ரூம்ல நம்மகிட்ட இருக்கிற மாதிரி கேம் பெட்டி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்காங்க. மதியம் கொஞ்ச நேரம் வரேன். மைக்ல மட்டும் பேச மாட்டேன், பக்கத்துல மேனேஜர் கொட்டாவி விட்டுட்டு இருப்பாரு."

மறுநாள் மதியம் திரையில் அவன் பெயர் வந்தது. பெயரைப் பார்த்ததும் தோள்பட்டை இறங்கியது. பேசாமலே ஆடினார்கள். சுரங்கத்தின் அடியில் பெரிய இரும்புக் கதவு. அந்த ஆட்டத்தில் இப்படித்தான்: ஒருவர் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மற்றவர் நுழைய முடியும், விட்டால் கதவு இறங்கிவிடும். அவள் பிடியை இழுத்தாள். கதவு ஏறியது. அப்பால் இருட்டு.

அவன் நுழையவில்லை. அவளைப் பார்த்து நின்றான்.

"போடா, பிடிச்சிட்டிருக்கேன்."

நின்றான்.

"மேனேஜர் எழுந்துட்டாரா? போ சீக்கிரம். கட்டைவிரல் வலிக்குது."

தலையைச் சாய்த்தான். அந்த ஆட்டத்தில் தலையைச் சாய்க்க எந்தப் பொத்தானும் இல்லை. பிறகு திரும்பி நடந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு உருவம், அதே நடை, அதே அளவு, அவன் நிழல் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தது, அவனைத் தொடர்ந்து கதவுக்குள் போனது.

நிழல் இல்லை. அங்கே வெளிச்சமே இல்லை.

ஹெட்போனில் மைக் திறந்தது. மின்விசிறி இல்லை. மூச்சு இல்லை.

"நாங்க உள்ள வந்துட்டோம்."

போயிட்டோம் இல்லை.

வந்துட்டோம்.

கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது. திரையில் இரும்புக் கதவு தடாலென்று இறங்கியது. அவள் எழுந்தாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. பிஞ்சுப் பாதங்கள் தரையில் பட்டன. கூடவே வேறு பாதங்கள். கனமானவை. ஈரமானவை.

"பாப்பா."

வாடை முதலில் வந்தது. மண். துரு.

பிறகு மகள் வந்தாள். அழவில்லை. தூக்கம் கலைந்த முகத்தில் சிரிப்பு. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தாள், கடைத்தெருவில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நடக்கிற பிள்ளை மாதிரி. இரண்டு பக்கமும் யாரும் இல்லை. ஆனால் இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்து, நுனிகள் வெளுத்திருந்தன.

"விடு" என்றாள் அவள். யாரிடம் என்று தெரியாமல். "விடுங்க. அவளை விடுங்க."

மகள் அண்ணாந்து ஒரு பக்கம் பார்த்தாள். பிறகு மறு பக்கம். அவர்கள் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் சொல்கிறோமா என்று பார்ப்பதுபோல.

"நாங்க போயிட்டு வரோம்மா."

ஊஞ்சல் ஆட்டியதுபோல் பாப்பாவின் கால்கள் தரையைவிட்டு எழுந்தன. கலகலவென்று சிரித்தாள்.

கால்கள் கீழே இறங்கவில்லை.