தலைவர் திறந்து வைத்த ஜன்னல்

கொப்புடையம்மன் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

"ஐயய்யோ... கொன்னுபுட்டாகளே!"

காரைக்குடி பழம்பொருள் கடைத்தெருவே அதிர்ந்தது!

அலறியவள் நாகஜோதி. தெருமுனையில் பழைய பீங்கான் விற்பவள். அலறிய இடம், அஜீஸாவின் கம்ப்யூட்டர் கடை. நேரம், மாலை நாலு இருபது.

"யாருக்கா செத்தது?" அஜீஸா டீயை மேலே கொட்டிக்கொண்டாள்.

"என் ஓட்டு!"

அன்று கடைக்காரர் சங்கத் தேர்தல். முதல் தடவையாக மெயிலில் ஓட்டு. ஆளுக்கு ஒரு லிங்க். ஐந்து மணிக்கு முடிந்துவிடும்.

தலைவர் பதவிக்கு நாகஜோதி போட்டி. எதிரி, பழைய தலைவர் தேனப்பன். அவர் ஜெயித்தால், சங்கத்து இடத்தில் நிற்கும் நாகஜோதியின் கடை தரைமட்டம். அங்கே கார் நிற்கும்!

"மொத்தம் பதினேழு ஓட்டு. நம்மாளுக ஒம்பது பேரும் காலையிலயே இங்க வந்து தட்டிட்டோம். ஆனா பதிவானது எட்டுன்னு காட்டுது! அந்த எட்டும் தேனப்பன் ஆளுகதான். அப்ப நம்மளது?"

அஜீஸா, நாகஜோதியின் மெயிலைத் திறந்து லிங்க்கைத் தட்டினாள்.

திரையில்...

'நன்றி, தேனப்பன். உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது.'

"காலையிலயும் இதான் வந்துச்சா?"

"நன்றின்னு வந்துச்சு. அதுக்கு மேல யாரு படிச்சா? எந்திரிச்சுப் போயிட்டோம்."

"யா அல்லாஹ்! ஒம்பதரைக்குத் தேனப்பண்ணன் இங்க வந்து ஓட்டுப் பக்கத்துல லாகின் பண்ணாரு. போன் வருதுன்னு அப்படியே போயிட்டாரு. லாக்-அவுட் பண்ணல! மெயில் அவங்கவங்க மெயில்தான். லிங்க்கைத் தட்டுனா, அவரு திறந்துவச்ச ஜன்னல்லயே போயி விழுது. அங்க இன்னும் அவருதான் உக்காந்திருக்காரு!"

"வேணும்னே செஞ்ச வேலை!" நாகஜோதி கொண்டையை இறுக்கி முடிந்தாள். "கூப்புடு அம்புட்டுப் பேரையும்!"

வந்தார்கள். அவர்களில் பெத்தன், பாதி சவரத்தோடு!

அஜீஸா லிங்க்கைக் காப்பி செய்தாள். பழைய லாகினை மறந்துவிடும் பிரைவேட் விண்டோவில் ஒட்டினாள். ஓட்டு விழுந்ததும் ஜன்னலை மூடினாள். அடுத்த ஆளுக்குப் புது ஜன்னல்!

நாலு ஐம்பத்தெட்டு. எட்டு ஓட்டு விழுந்திருந்தது. ஒன்பதாவது ஆள் முத்தப்பன் மட்டும் இல்லை. காலையில் முதல் ஆளாகத் தட்டிவிட்டு, திருச்சிக்கு ரயிலேறிவிட்டார்.

வாசலில் செருப்புச் சத்தம்.

தேனப்பன்!

"பீங்கான் விக்கிறவளுக்குத் தலைவர் நாற்காலி கேக்குதாக்கும்?"

"பீங்கான் விக்கிறவ கைக்கு நிதானம் ஜாஸ்திண்ணே. எதையும் தவறவிட மாட்டா."

"முத்தப்பனைத் தவறவிட்டியே! உனக்கு எட்டு. எனக்கு ஏழு பேரு என் லாப்டாப்புல போட்டாச்சு. நான் போட்டா எட்டு. சமம்னா பழைய தலைவருதான்!"

நாகஜோதி திகைத்தாள்.

"நீங்க... இன்னும் போடலையா?"

"தலைவர் ஓட்டு எப்பவும் கடைசி ஓட்டு!" தேனப்பன் கம்பீரமாகப் போனை எடுத்துத் தன் லிங்க்கைத் தட்டினார்.

'நன்றி, தேனப்பன். உங்கள் ஓட்டு ஏற்கெனவே...'

"ஏய்! என் ஓட்டை எவன் போட்டான்?"

அஜீஸா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அப்ப முத்தப்பண்ணன்... நீங்க திறந்துவச்ச ஜன்னல்ல... முதல் ஆளா தட்டுனது உங்க ஓட்டைத்தான்!"

மணி ஐந்து! முடிவு வந்தது.

நாகஜோதி ஒன்பது. தேனப்பன் ஏழு.

"என் ஓட்டு எனக்கே இல்லையா?" தேனப்பன் ஸ்டூலில் சரிந்தார்.

"உங்க ஓட்டு எனக்குத்தான்ணே!" நாகஜோதி கும்பிட்டாள். "தெருமுனையில காரை நிறுத்தியிருக்கீக... எடுங்க. அது என் கடை!"

பராமரிப்பு வேலைக்காக அன்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை காரைக்குடியில் கரண்டே கிடையாது. என் நாக்குதான் லேசாக அரிக்கிறது.