உடைந்த வாய்முத்திரை

வாய்முத்திரைச் சட்டம் வந்த நாள்முதல், தென்மலையனூர் கவுன்சிலர் பொன்னுரங்கம் ‘பார்க்கலாம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எட்டு வருடம் அரசியல் செய்துவிட்டார். தெருவிளக்கு எரியவில்லையா? பார்க்கலாம். சாக்கடை பொங்குகிறதா? பார்க்கலாம். உருப்படியாக எதையாவது சொல்லித் தொலைத்தால் அது அவருடைய வாய்முத்திரையோடு சொற்சங்கிலி என்ற பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஊரில் உள்ள அத்தனை போன்களிலும் அதன் நகல் இருந்ததால், ஏறியதை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரே விஷயத்தில் ஒருவர் இரண்டு விதமாக முத்திரையிட்டால், முரண்காணி என்ற கணிப்பொறி அந்த இரண்டு முத்திரைகளையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்க்கும். முத்திரைக்குள் ஒளிந்திருக்கும் அவருடைய ரகசிய எண் வெளியே வந்து விழும். அதற்குப் பிறகு அந்த எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் பேசலாம். இந்த மானக்கேட்டுக்குப் பயந்து மனிதர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று சட்டத்தை வகுத்த நிபுணர்கள் நம்பினார்கள். மானம் இருப்பவர்களோடு மட்டுமே பழகியவர்கள் போலிருக்கிறது, பாவம்.

எட்டு வருடத்தில் சனங்களுக்கும் புத்தி வேறு மாதிரி ஆகியிருந்தது. முத்திரை இல்லாத பேச்சைப் பேச்சாகவே யாரும் மதிப்பதில்லை. ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்லும் புருஷனிடம்கூட ‘முத்திரை போட்டுச் சொல்லு’ என்றார்கள். பச்சை டிக் விழுந்தால் உண்மை, விழாவிட்டால் புளுகு. யோசிக்கிற வேலை மிச்சம்.

நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது பொன்னுரங்கத்தின் ‘பார்க்கலாம்’ செல்லவில்லை. வேட்பாளர்கள் வாக்குறுதிகளை முத்திரையிட்டே தீரவேண்டும் என்பது விதி. சந்தைமேட்டில் நாறிக்கொண்டிருந்த குப்பைக்கிடங்கை அல்லிக்குளத்துக்கு மாற்றுவதாகப் பேச்சு இருந்தது. அல்லிக்குளத்துக்காரர்களுக்கு அவர், ‘இங்கே குப்பைக்கிடங்கு வராது’ என்று முத்திரையிட்டார். சந்தைமேட்டுக்காரர்களுக்கு, ‘கிடங்கு சர்வே எண் 214-இல் அமையும் பசுமை உர வளாகத்துக்குப் போகும்’ என்று முத்திரையிட்டார். பெயரை மாற்றினால் நாற்றம் மாறிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு. இரண்டும் ஒரே இடம் என்பது முரண்காணிக்குப் புரியவில்லை.

தில்லைநாயகிக்குப் புரிந்தது. அல்லிக்குளத்துக் கிணறுகளைப் பரிசோதித்துத் தன் முத்திரையோடு அறிக்கை போடுவது அவள் தொழில். அந்தப் பகுதியில் பன்னிரண்டு அடியில் தண்ணீர் என்பதும், 214 என்பது அல்லிக்குளத்திலேயே குளத்தை ஒட்டிய மேட்டு நிலம் என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கே குப்பை கொட்டினால் ஒரே மழையில் அத்தனை கிணறும் பாழ். இரண்டு வாக்குறுதியும் ஒரே இடத்தைப் பற்றியவை என்று அவள் முரண்காணிக்குப் புகார்ப் படிவத்தை நிரப்பினாள். அதன் அடியில், ‘பிறர் முத்திரையை நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன்’ என்று ஓர் உறுதிமொழி இருந்தது. எல்லோரையும்போல அவளும் அதைப் படிக்காமலே முத்திரையிட்டாள்.

பத்து நிமிடத்தில் பொன்னுரங்கத்தின் ரகசிய எண் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அல்லிக்குளத்தில் வெடி போட்டார்கள். தில்லைநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த எண்ணைத் தன் போனில் போட்டு, ஒரு குறும்புக்கு அவர் பெயரில் எழுதினாள்: ‘அல்லிக்குளத்துக்குக் குப்பை வராது. வந்தால் என் வீட்டு நடுக்கூடத்தில் கொண்டுவந்து கொட்டுங்கள்.’ பச்சை டிக் விழுந்தது. கணக்குக்கு எண் சரியா என்பதுதான் தெரியும், விரல் யாருடையது என்று தெரியாது.

அவளைப் போலவே ஊரே எழுதியது. சந்தைமேட்டுக்காரர்கள், கிடங்கு நாளைக்கே போகும் என்று எழுதினார்கள். வாத்தியார்கள் தங்களுக்குச் சம்பள உயர்வு எழுதிக்கொண்டார்கள். மறுநாளைக்குள் பொன்னுரங்கத்தின் பெயரில் நாற்பதாயிரம் வாக்குறுதிகள். அத்தனைக்கும் பச்சை டிக். அவரோ வாயே திறக்கவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை அதை வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடியே செய்தது.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அஞ்சுகம் ஓடிவந்தாள்.

“தில்லைக்கா, மனுசன் திருந்திட்டாருக்கா! நடுக்கூடத்துல கொட்டுங்கன்னு சொல்லியிருக்காரு பாருங்க. என்ன ரோசம்! எங்க தெரு ஓட்டு முழுக்க அவருக்குத்தான்.”

“அடிப் பாவி, அதை எழுதினதே நான்தான்டி!”

“சும்மா இருங்கக்கா. டிக்கு பச்சையா இருக்குல்ல?”

“அவன் முத்திரை உடைஞ்சு போச்சு. யார் எழுதினாலும் பச்சைதான் விழும்.”

“உடைஞ்சா என்ன? நல்லதைத்தானே சொல்லியிருக்காரு?” அஞ்சுகம் சிரித்தாள். “நீங்க எழுதினது நெசம்னா முத்திரை போட்டுச் சொல்லுங்க.”

தில்லைநாயகி போனை எடுத்தாள். அப்போதுதான் அதில் இருந்த புகார்ப் படிவத்தின் அடியில் அந்த உறுதிமொழி கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால் அவளுடைய முத்திரை உடையும். சொல்லாவிட்டால் அவள் எழுதிய பொய்க்கே ஊர் ஓட்டுப் போட்டு, குப்பையை வரவழைத்துக்கொள்ளும். அன்று பகல் முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம், வந்தது வரட்டும் என்று முத்திரையிட்டாள்: ‘அதை எழுதியவள் நான்.’

முரண்காணிக்கு ‘பசுமை உர வளாகம்’தான் புரியாது. இது உடனே புரிந்தது.

அவள் ரகசிய எண் வெளியே விழுந்த ஐந்தாவது நிமிடம், அவள் பெயரில் யாரோ எழுதிய இன்னொரு செய்தி ஏறியது: ‘நான் எழுதியதாகச் சொன்னது பொய். பொன்னுரங்கம் அண்ணனே சொன்னார்.’ அதற்கும் பச்சை டிக். ஊர் தனக்குப் பிடித்த டிக்கை எடுத்துக்கொண்டது. திருடக்கூடிய ஊரையே காவலுக்கு வைத்தால் இப்படித்தான்.

பொன்னுரங்கம் பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வாரமே 214-க்கு லாரிகள் வந்தன. ‘வராதுன்னு சொன்னீங்களே?’ என்று கேட்கப் போனவர்களிடம் அவர் கைகளை விரித்துக் காட்டினார். “நாற்பதாயிரம் வாக்குறுதிப்பா. அதுல நான் சொன்னது எது, நீங்க சொன்னது எதுன்னு எனக்கே தெரியல. பார்க்கலாம்.”

மழைக்காலம் வந்தது. தில்லைநாயகி கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தாள். ஈயம், குடிக்கத்தக்க அளவைப் போல ஒன்பது மடங்கு. கிணற்றடிக்கு ஓடினாள். அஞ்சுகம் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சுகம், கொட்டிருடி! இது விஷம்!”

அஞ்சுகம் நிதானமாகப் போனை எடுத்து நீட்டினாள். ‘அல்லிக்குளத்துத் தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது. தாராளமாகக் குடிக்கலாம் – நீர்ப்பரிசோதகர் தில்லைநாயகி.’ தேதி முந்தாநாள். பக்கத்தில் பச்சை டிக்.

“நீங்கதானக்கா எழுதியிருக்கீங்க?”

“நான் எழுதல. எம் பேர்ல எந்த நாயோ எழுதியிருக்கு.”

“அப்ப முத்திரை போட்டுச் சொல்லுங்க.”

தில்லைநாயகி ‘குடிக்காதீர்கள்’ என்று எழுதி முத்திரையிட்டாள். அதற்கும் பச்சை டிக் விழுந்தது.

அஞ்சுகம் இரண்டு டிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல தண்ணீர் லாரி நிற்கும் இடம் ஒன்றரை கிலோமீட்டர். கிணறு வீட்டிலிருந்து பத்தடி.

“நீங்க முதல்ல சொன்னதே இருக்கட்டும்க்கா” என்று சொல்லிவிட்டு, அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.