ஒரு நெடில், இரண்டு குறில்

கார்டைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் அந்தக் கணினி அதே கார்டைப் பற்றித்தான் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நெடில், இரண்டு குறில். பீ…ப், பிப், பிப். திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் கோளாறு என்று மதர்போர்டு சொல்லும் விதம் அது.

கெய்ரோ கணினிச் சந்தையின் நிலவறைக் கடையொன்றில் பதினோரு வருடமாக இப்படிப்பட்ட கத்தல்களைக் கேட்டுப் பழகியவன் அபானூப். மாலையில் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் வந்து வாங்கிப்போக வேண்டிய பெட்டி. நேற்றுவரை நன்றாக ஓடியது. புதுக் கார்டு போட்டதும் திரை இருண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை நண்பகல். தொழுகைக்குக் கிளம்பிய முதலாளி ஹாஜி மெத்வல்லி, சந்தையில் ஆளரவமே இல்லையென்று ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிட்டார். பாதியாவது திறந்திருக்கட்டும் என்று அபானூப் கெஞ்சிப் பார்த்தான். மூடிய இடங்கள் அவனுக்கு ஆகாது.

“அரை மணி நேரம்தானேப்பா. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடறேன்” என்று போய்விட்டார்.

சூடேறிய தூசியின் வாடையும் காலையில் தின்ற தாமியா வடையின் எண்ணெய் வாடையும் கலந்து தேங்கிய அந்த அறையில், காற்றுத் துவாரம் வழியே எங்கோ ஒலிபெருக்கியில் நடக்கும் பிரசங்கம் தேய்ந்து தேய்ந்து வந்துகொண்டிருக்க, அவன் ராம் குச்சிகளை உருவி ரப்பரால் துடைத்துச் செருகினான், காசு போலிருந்த பேட்டரியைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருந்து திரும்பப் பொருத்தினான், ஒவ்வொரு ஒயராக அழுத்திப் பார்த்தான். ஒரு நெடில், இரண்டு குறில்.

பிரசங்கம் நின்றது. அதன் பிறகான தொழுகையும் முடிந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. இனிப் படிகளில் செருப்புச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

எரிச்சலில் பிளக்கையே பிடுங்கினான். பெட்டியின் விசிறி சுழன்று ஓய்ந்தது. கத்தல் ஓயவில்லை. மின்சாரம் மிச்சமிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, விரல்நுனி அளவேயான ஒலிப்பானைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். அது ஊமையாகக் கிடந்தது.

சத்தம் ஷட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

பிறகு நின்றது. அவன் அசையாமல் நின்றான். முதுகில் வியர்வை வழிந்தது. கைப்பேசி அடித்தது.

“எங்கடா தொலைஞ்ச?” ஹாஜியின் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

“கடையிலதான் இருக்கேன் ஹாஜி. பூட்டைத் தொறங்க.”

“தொறந்து பத்து நிமிஷமாச்சு. உன் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். இன்னும் சூடா இருக்கு.”

அபானூப் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது.

ஓடிப்போய் ஷட்டரை ஓங்கிக் குத்தினான். கைப்பேசிக்குள், ஹாஜியின் பின்னால், பிப் என்றது. மறுபடி குத்தினான். பிப்.

“இருப்பா. நீ கழட்டிப் போட்ட பெட்டி தானா கத்துது.”

“நான்தான் ஹாஜி! நான்தான் தட்டறேன்!”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பீப் கேட்டது. அவ்வளவுதான். தன் குரல் அவர் காதுக்குப் போய்ச் சேரும் விதம் அவனுக்குப் புரிந்தது.

“என்னப்பா, உன் லைன்லயும் அதே சத்தம். ஒண்ணும் கேக்கல” என்றார் ஹாஜி. “முதல்ல இந்தச் சனியனோட பிளக்கைப் பிடுங்கறேன்.”

நாற்காலி நகரும் ஓசை. அவர் குனியும்போது விடும் பெருமூச்சு.

விளக்கு அணைந்தது.

கைப்பேசியும். மேலே விசிறி மெதுவானது. நின்றது.

இருட்டு. அவன் கைகளை நீட்டினான். முழுதாக நீட்ட முடியவில்லை. இடப்பக்கம் வழவழப்பான தகரம். வலப்பக்கமும் தகரம். தலைக்கு மேலே, முடியை உரசிக்கொண்டு, தகரம்.