வென்டிலேட்டரை அடைக்கலாமா?

போன் அலறியது!

காலை எட்டு மணி. பெங்களூரு காக்ஸ் டவுன். டிசம்பர் குளிர்.

ஹெலன் எடுத்தாள்.

"ஹெலன்... தர்ஷினி போயிட்டா!"

முதலாளி ரகுராம். மனைவியின் பெயரைச் சொல்லி விசும்பினான்.

"மேடமா? எப்படி சார்?"

"நேத்து காலைல குளிக்கப் போனா. கேஸ் கீசர் புகை... பாத்ரூம் வென்டிலேட்டரை நியூஸ்பேப்பர் வச்சு அடைச்சிருந்தா."

"ஐயோ! ஏன் அடைச்சாங்க?"

"நீ எழுதினதை நம்பி! முந்தாநேத்து நம்ம சைட்ல படிச்சா. வீட்டு கம்ப்யூட்டர்ல. என்கிட்டயே காட்டினா..."



ரகுராம் கேஸ் கீசர் விற்பவன். ஜனங்கள் இன்டர்நெட்டில் எதைத் தேடுகிறார்களோ, அதையே தலைப்பாக்கி எழுதினால் சைட்டுக்கு ஆள் வரும். வந்தவர் கீசர் வாங்குவார். திங்கட்கிழமைதோறும் அவன் தேடல் லிஸ்ட் தருவான். ஹெலன் எழுதுவாள். நாளுக்கு ஐந்து கட்டுரை.

போன மாத லிஸ்டில் ஏழாவது வரி: வென்டிலேட்டரை அடைக்கலாமா?

ஹெலன் கேஸ் கீசரைத் தொட்டதே இல்லை. அவள் வீட்டில் வாளியும் ஹீட்டர் ராடும்தான்.

'குளிருக்கு அடைக்கலாம். அரை மணி நேரம் ஆபத்தில்லை.'

அப்படித்தான் எழுதினாள். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"போலீஸுக்கு உன் கட்டுரையோட பிரின்ட் கொடுத்துட்டேன். யார் எழுதினதுன்னு சொல்லலை. நீ வாயைத் திறக்காதே... உன் நல்லதுக்குத்தான்," என்றான் ரகுராம்.

அந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

ஒன்பதரைக்கு அவள் ஸ்டேஷனில் இருந்தாள்.

"பன்னிம்மா, வாங்க, உக்காருங்க. ஏனு விஷயம்?" என்று கன்னடம் கலந்து வரவேற்றார், தர்ஷினி கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வெங்கடசாமி.

"நான் ஒரு கொலை பண்ணிட்டேன் சார்!"

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

எல்லாம் சொன்னாள்.

"நீ கீசர் இன்ஜினியரா?"

"பி.ஏ. லிட்ரேச்சர் சார்."

"தெரியாததை ஏம்மா எழுதினே?"

"யாரோ தேடினதா லிஸ்ட்ல இருந்தது..."

"யாரு? பாக்க முடியுமா?"

"முடியும் சார். லிஸ்டுக்கான தேடல் கணக்கும், யார் எப்போ திறந்தாங்கங்கிறதும் சைட்டுக்குள்ள பதிவாகியிருக்கும். பாஸ்வேர்ட் என்கிட்ட இருக்கு."

எதிரே பிரவுசிங் சென்டர். பக்கம் மெல்லத் திறந்தது. ஹெலனின் விரல் திரையில் இறங்கியது... நின்றது.

"சார்! மத்த எல்லாம் இருக்கு. ஏழாவது மட்டும் ஒருத்தர்கூடத் தேடலை!"

"அப்போ லிஸ்ட்ல சேர்த்தது?"

"...ரகுராம் சார்."

"அந்தம்மா படிச்சது?"

"கட்டுரை மொத்தமே ரெண்டு தடவைதான் திறந்திருக்கு. ஒண்ணு, நான் ஏத்தினப்போ. இன்னொண்ணு..." தேதியை மறுபடி பார்த்தாள். "நேத்து மத்தியானம் ரெண்டு பத்துக்கு. லீவு நாள்ல, பூட்டியிருந்த எங்க ஆபீஸ்லேர்ந்து!"

"அப்போ அவ செத்து ஆறு மணி நேரம் ஆச்சு! எனக்குப் பிரின்ட் எடுக்க அவன்தான் திறந்திருக்கான். அவ படிக்கவே இல்லை!" வெங்கடசாமி எழுந்தார். "பேப்பரை வெளிப்பக்கத்துலேர்ந்து திணிச்சிருந்தான்மா. குளிக்கப் போறவ வெளியே ஏணி போட்டா அடைப்பா? நேத்துலேர்ந்து அதான் உறுத்துது."

செல்போனில் கான்ஸ்டபிளைப் பிடித்தார். "ரகுராம் வீட்டு வாசல்ல நில்லு. நான் வர்றேன்!"

ஹெலன் எழவில்லை.

"வேற யாராவது படிச்சிருந்தா செத்திருப்பாங்க சார். எழுதினது நான்தானே?"

"ஆமா," என்றார்.

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. கதவருகே போய்த் திரும்பினார்.

"உனக்கு இருந்தது ஒரே ஒரு வாசகன்மா... அவனையும் நான் உள்ளே போடப் போறேன்!"