ஐந்தாவது ஓட்டு

போர்டு கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஹால்ஸ்டெட் பேரிங் கம்பெனியின் தலைவர் வெண்டல் ஹால்ஸ்டெட் தெருவைக் கடந்து வில்மிங்டன் காவல் நிலையத்துக்குள் ஓடிவந்தார். சட்டை முழுக்க ரத்தம்.

"ஓட்டிஸை அடிச்சே கொன்னுட்டாங்க. தூக்கிப் பார்த்தேன், மூச்சு இல்ல," என்றார்.

லெப்டினென்ட் பெட்டிஃபோர்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சார்ஜென்ட் நோரா கில்ராய் அதற்குள் வாசலில் நின்றிருந்தாள்.

மூன்றாவது மாடியில், மாதிரிகள் வைக்கும் அறையில் ஓட்டிஸ் பிராண்ட்வோல்ட் கிடந்தார். எழுபது வயது, ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், கம்பெனியில் சொந்தமாக ஒரு பங்குகூட இல்லாத இயக்குநர். பக்கத்திலேயே ஒரு பெரிய எஃகு வளையம் மயிர் ஒட்டிக் கிடந்தது. மண்டை உடைந்திருந்தது. இடது கையில் மூன்று விரல்கள் பின்பக்கமாக ஒடிக்கப்பட்டிருந்தன. வலது கையில் ஒரு கீறல் இல்லை. 

விஷயம் இதுதான். ராய் கெஸ்லர் என்பவன் சந்தையில் ஹால்ஸ்டெட் பங்குகளை வாரிக்கொண்டிருந்தான். அன்று மாலை ஐந்துக்குள் தடுக்காவிட்டால் கம்பெனி அவன் கைக்குப் போய்விடும். தடுக்க ஒரே வழி, ஒருவன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் மற்ற பங்குதாரர்களுக்கெல்லாம் பாதி விலையில் புதுப் பங்கு தருவது. வாங்க வந்தவனின் பிடி நீர்த்துப்போகும். வக்கீல்கள் அதை விஷ மாத்திரை என்பார்கள். போர்டில் ஐந்து பேர். தடுப்புக்கு வெண்டலும் இன்னொருவரும்; விற்பதற்கு இருவர். ஐந்தாவது ஓட்டு ஓட்டிஸுடையது. எந்தப் பக்கம் என்று அவர் வாயே திறக்கவில்லை.

காவலாளியின் பதிவேட்டின்படி, காலையில் அந்த மாடிக்குப் போனவர்கள் ஓட்டிஸைத் தவிர மூவர்தான்: வெண்டல், கம்பெனிச் செயலரும் வக்கீலுமான ஆக்னஸ் டாலிவர், ஆலை மேலாளர் டேல் ரூர்க். வெண்டலின் மேசையில் ஓர் உறை இருந்தது. உள்ளே தட்டச்சு செய்த தாள். "இயக்குநர் ஓட்டிஸ் பிராண்ட்வோல்ட் ஆகிய நான், இன்றைய போர்டு கூட்டத்தில் எனக்குப் பதிலாக ஓட்டுப்போடத் தலைவர் வெண்டல் ஹால்ஸ்டெட்டுக்கு அதிகாரம் தருகிறேன்." கீழே நடுங்கிய கையெழுத்து. ஓரத்தில் ரத்தம்.

"சார், இதுக்கு மேல என்ன வேணும்? லாபம் வெண்டலுக்கு. சட்டையிலயும் ரத்தம். விலங்கு மாட்டவா?" என்று நோரா காதோரம் கேட்டாள்.

"கொஞ்சம் பொறு."

மூவரையும் போர்டு அறையில் உட்காரவைத்தார் பெட்டிஃபோர்ட். தாளை மேசைமேல் வைத்தார்.  ரூர்க்தான் முதலில் தொண்டையைச் செருமினார். கனத்த மேல்கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார்.

"பாவம், போய்ட்டார். ஆனா கையெழுத்து போட்டிருக்காரே. கூட்டத்துல எடுத்துக் குடுங்க வெண்டல். பங்கு வச்சிருக்கற என் ஆளுங்க எழுநூறு பேர் வருஷா வருஷம் உங்களுக்கு இப்படித்தானே எழுதித் தர்றாங்க."

ஆக்னஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டிஃபோர்ட் கையமர்த்தினார்.

"வலது கையை விட்டுவச்சது கையெழுத்துக்காக. இந்தத் தாளுக்காகத்தான் அவரைச் சித்திரவதை பண்ணியிருக்காங்க. கெஸ்லர் ஆளுங்களுக்கு இது வேண்டாத தாள். வெண்டலுக்கா? முப்பது வருஷமா போர்டுல இருக்கார். மிஸ் டாலிவர் வக்கீல். பங்குதாரர் தன் ஓட்டை இன்னொருத்தர்கிட்ட எழுதிக் குடுக்கலாம். இயக்குநர் குடுக்க முடியாது. தானே கலந்துக்கிட்டு, தானே போடணும். இது வெறும் காகிதம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். பங்குதாரர் கூட்டத்தை மட்டுமே பார்த்தவருக்குத்தான் தெரியாது. கோட்டைக் கழட்டுங்க, ரூர்க்."

ரூர்க் நாற்காலியைத் தூக்கி வீசினான். அது நோராவின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவன் கதவுக்குப் பாய, அவள் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் முகத்தில் உதைத்தான்; அவள் பிடியை விடவில்லை. பெட்டிஃபோர்ட் அவன் முதுகில் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்கியதும் தோள் மூட்டு கழன்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கோட்டுக்குள் சட்டை சிவந்து ஊறியிருந்தது.

"ரெண்டாயிரம் குடும்பம்," என்று தரையில் கிடந்தபடி முனகினான். "கெஸ்லர் வாங்கின மூணு ஆலையையும் பூட்டினான். அந்தக் கிழவர் விக்கத்தான் ஓட்டுப்போடுவார்னு பேச்சு. ரெண்டு விரல் ஒடிச்சதுமே 'நான் உங்க பக்கம்தான் டேல்'னு அலறினார். அடிக்குப் பயந்து சொல்றார்னு நினைச்சேன். கையெழுத்து வாங்கிட்டு விட்டா மாத்திச் சொல்லிடுவாரே..."

ஆக்னஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். "காலையில எங்கிட்ட சொன்னார். தடுப்புக்குத்தான் அவர் ஓட்டு. ரெண்டு தரப்பையும் கேக்காம வெளியில சொல்றது முறையில்லன்னுதான் பேசாம இருந்தார்."

கூட்டம் நான்கு பேரோடு நடந்தது.

மாலை, உதட்டில் ஏழு தையலோடு நோரா லாக்கப் பக்கம் போனபோது, ரூர்க் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஓட்டு என்ன ஆச்சு?"

"ரெண்டுக்கு ரெண்டு. பாதிக்கு மேல வேணும், அதனால தடுப்பு விழுந்துபோச்சு. அஞ்சு மணிக்குக் கெஸ்லர் வாங்கிட்டான்."

அவன் தலையசைத்தான், ஏதோ சாதாரணச் செய்தி போல. பிறகு நெற்றியைக் கம்பியில் மோத ஆரம்பித்தான். நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டது.